வீட்டை விட்டு வந்தால் எங்கே போவது? - பெண்களுக்கான தங்கும் இல்லங்களும் நம் குழுவின் பங்கும்



நம் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசுகிறோம். வீட்டில் அடி வாங்குகிற உறுப்பினரைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. "சரிக்கா, வெளியில வந்துடறேன். வந்துட்டு எங்க போறது?" என்று அந்தப் பெண் கேட்பார். நமக்குப் பதில் தெரியாது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, புள்ளைங்க இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரிடம் அடி உதையோ பாலியல் கொடுமையோ அனுபவித்தவர்கள். 15 பேர் உள்ள ஒரு குழுவுக்குக் கணக்குப் போட்டால் 5 அல்லது 6 பேர் வருகிறது. ஆகவே "எங்க போறது?" என்ற கேள்விக்கான பதில் ஒவ்வொரு குழுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் படிப்படியாகச் சொல்கிறது.

வீடு இல்லாத பெண் என்றால் யார்?

வீடற்றவர் என்றால் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் படுத்திருப்பவர்தான் என்று நினைக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 17.7 லட்சம் பேர் அப்படிக் கணக்கில் வந்தார்கள். ஆனால் பெண்கள் விஷயத்தில் வீடில்லாமை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெருவில் படுக்கப் பயந்துகொண்டு எங்கேயாவது ஒண்டிக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறவர், அண்ணி முகம் சுளித்ததும் சித்தி வீட்டுக்குப் போகிறவர், கணவர் இறந்ததும் மாமியார் வீட்டில் இருந்து அனுப்பப்பட்டவர், மகன் பேருக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் படுக்கும் தாய், இரவில் அடி தாங்காமல் பக்கத்து வீட்டில் ஒளிந்துவிட்டு விடிந்ததும் திரும்பிப் போகிறவர். இவர்கள் யாருக்கும் "இது என் இடம்" என்று சொல்ல ஓர் இடம் இல்லை. இவர்களும் வீடில்லாத பெண்கள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் உள்ள ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் நம் பெண்கள் ஏராளம். காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போய் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். இன்னும் பலர் வீட்டிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைக்கிறார்கள். பீடி சுற்றுகிறார்கள். சம்பாதிக்கிற பெண்ணுக்கே போக இடம் இல்லை என்றால், காசு மட்டும் போதாது என்று தெரிகிறது. இடம் வேண்டும், கையில் காகிதம் வேண்டும், பக்கத்தில் ஆட்கள் வேண்டும்.

முதலில் ஒரு விஷயம்: வெளியே போக வேண்டியவர் நீங்கள்தானா?

இல்லத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். "என் வூட்ட விட்டு வெளியே போ" என்று கணவரோ மாமியாரோ சொன்ன உடனே போக வேண்டியதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, தான் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே கேள்வி இல்லை. 19-வது பிரிவின்படி நீதிமன்றம் இப்படியெல்லாம் உத்தரவு போடலாம்:

- பெண்ணை அந்த வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று தடுக்கலாம்.
- அடிக்கிற ஆணை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லலாம்.
- பெண்ணுக்கு அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ, அதற்கு வாடகை கட்டவோ கணவருக்கு உத்தரவிடலாம்.
- பெண்ணின் நகை, சீதனப் பொருட்களைத் திருப்பித் தரச் சொல்லலாம்.

வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படிப்பட்ட வீட்டில் மருமகளுக்கு இருப்பிட உரிமை இல்லை என்று சொல்லியிருந்தது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கருத்தை மாற்றியது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அங்கே குடும்பமாக நிலையாக வாழ்ந்திருந்தால் பெண் இருப்பிட உரிமை கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. வீடு சொந்தமாகிவிடாது; வாழும் உரிமை உண்டு.

இந்தச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. கணவர் வீட்டில் கஷ்டப்படும் மருமகளுக்கு மட்டுமல்ல, மகனால் துன்பப்படும் தாய், அண்ணனால் துன்பப்படும் தங்கை ஆகியோருக்கும் பொருந்தும். தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும் மனு கொடுக்கலாம்.

ஆனால் உத்தரவு வரும்வரை உயிர் முக்கியம். அந்த வீட்டில் இருந்தால் ஆபத்து என்ற நிலை இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்ததால் உரிமை போய்விடாது. பிறகும் மனு கொடுக்கலாம்.

மூன்று படிகள்

வெளியே வந்த பெண்ணுக்கான வழியை மூன்று படிகளாகப் புரிந்துகொள்ளலாம். முதல் படி, அன்றைய இரவு. இரண்டாம் படி, அடுத்த சில மாதங்கள். மூன்றாம் படி, சொந்தமாக ஒரு கதவும் பூட்டும். இரண்டாம் படியில் இருக்கும் இல்லத்தைத்தான் இடைக்காலத் தங்கும் இல்லம் என்கிறோம். வெளிநாடுகளிலும் இந்த முறை உண்டு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகளில் 24 மாதம் வரை தங்கலாம் என்று அரசு வரையறை வைத்திருக்கிறது. தலைக்கு மேல் கூரை மட்டும் கொடுத்தால் போதாது, அந்தக் காலத்துக்குள் பெண் தன் காலில் நிற்க உதவி வேண்டும் என்பதுதான் எல்லா இடத்திலும் இதன் அடிப்படை.

படி 1: அன்றைய இரவு

181 என்ற எண்ணை அழையுங்கள். இது பெண்களுக்கான உதவி எண். 24 மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. அடி விழுந்துகொண்டிருக்கும் நேரம் என்றால் 112-க்கு அழைத்துப் போலீஸ் உதவி கேளுங்கள்.

181-ல் பேசினால் மாவட்டத்தில் உள்ள "சகி" ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு தொடர்பு ஏற்படுத்துவார்கள். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. சிகிச்சை, போலீஸ் உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகளோடு 5 நாள் வரை அங்கே தங்கலாம். போலீஸ் புகார் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று கிடையாது.

நம் பக்கத்து உறுப்பினர்கள் ஒன்றை மறக்காதீர்கள். 2019 நவம்பர் 28-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு, மேல்விஷாரம், அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு ஆகியவை வேலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆம்பூர்க்காரர் பழைய பழக்கத்தில் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண். மாவட்ட சமூகநல அலுவலரும் பாதுகாப்பு அலுவலரும் அவரவர் மாவட்டத்தில்தான் இருப்பார்கள்.

படி 2: அடுத்த சில மாதங்கள்

5 நாளில் எந்தப் பெண்ணின் பிரச்சனையும் தீராது. பிறந்த வீட்டுக்குப் போக முடியாதவர்களுக்காகத்தான் தங்கும் இல்லங்கள் இருக்கின்றன.

மத்திய அரசு உதவியில் நடக்கும் இல்லங்களுக்கு முன்பு குறுகிய காலத் தங்கும் இல்லம், ஸ்வாதர் இல்லம் என்றெல்லாம் பெயர் இருந்தது. 2022-ல் "சக்தி சதன்" என்று பெயர் மாற்றினார்கள். ஊரில் இன்னும் பலர் ஸ்வாதர் என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம். தங்கும் இடம், சாப்பாடு, துணிமணி, மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, தொழிற்பயிற்சி ஆகியவை இதில் அடங்கும். பழைய ஸ்வாதர் விதிகளில் குடும்ப வன்முறையால் வந்தவர் 1 வருடம் வரை, மற்றவர்கள் 3 வருடம் வரை, 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் 5 வருடம் வரை தங்கலாம் என்று இருந்தது. இப்போதைய காலவரையறையைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெண் குழந்தைகள் அம்மாவோடு இருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. வயது தாண்டிய பையனைக் குழந்தைகள் இல்லத்திலோ விடுதியிலோ விட வேண்டி வரும். இதையும் முன்பே கேட்டுவிட்டால் பிறகு மனக்கஷ்டம் குறையும்.

தமிழ்நாடு சமூகநலத் துறை "சேவை இல்லம்" நடத்துகிறது. தாம்பரத்தில் இருப்பது பலருக்கும் தெரிந்தது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் அங்கே தங்கிப் படிப்பைத் தொடரலாம், தொழில் கற்றுக்கொள்ளலாம். எட்டாவது, பத்தாவதில் படிப்பு நின்றுபோன இளம் பெண்ணுக்கு இது நல்ல வழி.

இல்லத்தில் சேருவது எப்படி? பாதுகாப்பு அலுவலரிடமோ சகி மையத்திலோ சொல்லலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6-வது பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் தங்கும் இல்லம் இடம் தர வேண்டும் என்கிறது. 2006-ல் வந்த விதிகள் இரண்டு நல்ல பாதுகாப்பைத் தருகின்றன. ஒன்று, "முதலில் புகார் அறிக்கை எழுதிக்கொண்டு வா, அப்புறம் சேர்க்கிறோம்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு, பெண் விரும்பினால் அவர் அங்கே இருப்பதை யாரைப் பற்றிப் புகார் உள்ளதோ அவருக்குச் சொல்லக் கூடாது.

"ஹோமுக்குப் போனா பேரு கெட்டுடும்"

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. "ஹோம்ல இருந்துட்டு வந்தவ" என்று ஊர் பேசும் என்பதற்காகவே அடியைத் தாங்கிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. இல்லம் என்றால் ஜெயில் இல்லை. ஆனாலும் சொந்த வீடு போலவும் இருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போக வர நேரக் கட்டுப்பாடு இருக்கும். பலரோடு ஒரே அறையில் படுக்க வேண்டும். சாப்பாடு நம் ருசிக்கு இருக்காது. பிள்ளை அழும். முதல் வாரத்திலேயே "வூட்டுக்கே போயிடலாம்" என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் குழுத் தோழிகளின் போன் வர வேண்டும்.

இந்த இல்லங்கள் உருவான கதையைத் தெரிந்துகொண்டால் கூச்சம் குறையும். 1930-ல் தேவதாசி குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அடைக்கலம் கேட்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்துவிட்டன. டாக்டரம்மா தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் சென்னை அடையாற்றில் இருக்கும் அவ்வை இல்லமாக வளர்ந்தது. தங்க இடத்தோடு படிப்பும் கைத்தொழிலும் கொடுத்ததால் அங்கிருந்து வெளியே வந்த பெண்கள் சொந்தக் காலில் நின்றார்கள்.

இன்னொரு உதாரணம் "தி பேன்யன்" என்ற நிறுவனம். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் 1993-ல் சென்னையில் தொடங்கினார்கள். மனநலம் பாதித்துத் தெருவில் அலையும் பெண்களை அழைத்துவந்து, சிகிச்சை கொடுத்து, ஊர் தேடி வீட்டில் சேர்ப்பது அவர்கள் வேலை. பலர் வீடு திரும்பினார்கள். ஆனால் குணமான பிறகும் போக வீடில்லாமல் சிலர் இல்லத்திலேயே வருடக்கணக்கில் தங்கும்படி ஆனது. அவர்களுக்காக 2015-ல் "ஹோம் அகெய்ன்" என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சாதாரண தெருவில் ஒரு வாடகை வீடு. அதில் நான்கைந்து பெண்கள் ஒரு குடும்பம் போல இருப்பார்கள். கூடவே உதவிக்கு ஒரு பணியாளர். சமைப்பதும், கடைக்குப் போவதும், முடிந்த வேலை செய்வதும் அவர்களே. கேரளா, அசாம் வரை இந்த முறை போயிருக்கிறது. இத்தனை கஷ்டப்பட்ட பெண்களே நாலு பேராகச் சேர்ந்தால் தெருவுக்குள் ஒரு வீடு நடத்த முடிகிறது. நம் உறுப்பினரும் குழந்தையோடு ஒரு வாடகை வீட்டில் இருக்க முடியும், பக்கத்தில் துணை இருந்தால்.

வேலையை விட்டுவிடாதீர்கள்

இல்லத்தில் இருக்கும் காலத்தில் முடிந்தவரை வேலை தொடர வேண்டும். சேரும்போதே "வேலைக்குப் போய் வரலாமா, ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்குள் வர வேண்டும்?" என்று கேளுங்கள். வேன் நிற்கும் இடம் மாறினால் சூப்பர்வைசரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கணவர் கம்பெனி வாசலில் வந்து தகராறு செய்கிறார் என்றால், வேலை செய்யும் இடத்துக்கு அவர் வரக் கூடாது என்றும் 18-வது பிரிவில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த உத்தரவை மீறினால் 1 வருடம் வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

ஏ.டி.எம். கார்டு கணவரிடம் இருந்தால் வங்கிக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்திப் புதிய கார்டு வாங்குங்கள். பி.எஃப். கணக்கில் கணவருடைய போன் நம்பர் இருந்தால் மாற்றுங்கள்.

வீட்டில் அப்பர் தைப்பவர்களுக்கு இன்னும் சிரமம். சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட் அந்தத் தெருவுக்குத்தான் வருவார். தெரு மாறினால் வேலை போய்விடும். கம்பெனிப் பதிவேட்டில் பெயரும் இருக்காது. அதனால் எத்தனை ஜோடி, எவ்வளவு பாக்கி என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 9,000 ரூபாய் கையில் வாங்கும் ஒரு பெண், இல்லத்தில் சாப்பாட்டுச் செலவு இல்லாததால் மாதம் 4,000 சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8 மாதத்தில் 32,000. வாடகை வீட்டு முன்பணம் 15,000, முதல் மாத வாடகை 3,000, அடுப்பு, பாத்திரம், பாய் தலையணைக்கு 8,000 போனால் 6,000 மிச்சம். இல்லத்தில் சேர்ந்த முதல் மாதமே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் யோசித்தால் திரும்பவும் அடி வாங்கிய வீட்டுக்கே போக வேண்டி வரும்.

படி 3: சொந்தக் கதவு

தனியாக வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் "தோழி" விடுதிகள் இருக்கின்றன. தமிழ்நாடு பணிபுரியும் மகளிர் விடுதிகள் நிறுவனம் இவற்றை நடத்துகிறது. வேலூரிலும் ஒன்று உண்டு. குழந்தையோடு சேர்ப்பார்களா என்பதை விசாரித்துக்கொண்டு போங்கள்.

வாடகை வீடு என்றால் "ஆம்பள இல்லாத வூட்டுக்கு வாடகைக்கு விட மாட்டோம்" என்பார்கள். இந்த இடத்தில் கூட்டமைப்பு பேசினால் காரியம் நடக்கும். வாடகை ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். முகவரிச் சான்றுக்கும் அது உதவும்.

பிறகு காகித வேலை. கணவர் கார்டில் இருந்து பெயரை எடுத்துத் தனி ரேஷன் கார்டு வாங்க வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆதரவற்ற விதவை, கணவரால் கைவிடப்பட்டவர் ஆகியோருக்கான மாத உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இந்தப் பெண்களுக்கென்று 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு நல வாரியமும் அமைத்தது.

சொந்த வீடு என்பது தூரத்துக் கனவாகத் தெரியலாம். இலவச வீட்டுமனைப் பட்டா கிடைத்தால் பெண் பெயரிலேயே வாங்குங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை அறிவிக்கப்பட்டது. இன்று வீட்டில் பிரச்சனை எதுவும் இல்லாத உறுப்பினர்களும் மனை, வீடு எதையும் தன் பெயரிலோ கூட்டாகவோ பதிய வேண்டும். வீடில்லாத நிலை வராமல் தடுக்க இது பெரிய வழி.

உறுப்பினர்கள் கேட்கும் சில கேள்விகள்

வக்கீலுக்குப் பணம் இல்லையே?
சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டு வளாகத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவிடம் கேளுங்கள். போன் எண் 15100.

தலாக் ஆன முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்க முடியுமா?
முடியும். பொதுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

மகன் விரட்டிவிட்ட வயதான அம்மா என்ன செய்வது?
பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்து என்றால், பார்த்துக்கொள்ளாதபோது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567.

மனநிலை சரியில்லாமல் ஒரு பெண் ஊரில் அலைகிறார். என்ன செய்வது?
விரட்டாதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை. மனநல ஆலோசனைக்கு 14416.

குழு என்ன செய்ய வேண்டும்?

இதுதான் முக்கியமான பகுதி. அரசு இல்லம் கொடுக்கும், கோர்ட்டு உத்தரவு கொடுக்கும். ஆனால் இரண்டாம் படியில் இருந்து மூன்றாம் படிக்கு ஏற ஆள் துணை வேண்டும். அந்தத் துணை நம் குழுவாக இருக்கலாம். சில நேரம் தெரியாமல் நாமே தடையாகவும் ஆகிவிடுகிறோம்.

ஓர் உறுப்பினர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகிறார். அடுத்த கூட்டத்தில் என்ன பேச்சு வரும்? "தவணை கட்டாம ஓடிட்டா." உடனே அவர் அம்மா வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். கணவரிடமே போய்க் கேட்கிறோம். கடன் பாக்கிக்குப் பயந்துகொண்டு அந்தப் பெண் போன் எடுப்பதில்லை. அவருக்கு இருந்த ஒரே துணையும் அறுந்துபோகிறது. அதனால் ஒவ்வொரு குழுவும் இப்போதே, யாருக்கும் பிரச்சனை இல்லாத நேரத்திலேயே, கீழ்க்கண்டவற்றைப் பேசி முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. வன்முறையால் வீட்டை விட்டுப் போகும் உறுப்பினரைத் தவணை தவறியவர் என்று சொல்வதில்லை. உள்கடனுக்கு 6 மாதம் வரை அவகாசம் தரலாம். வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருப்பதால் அந்தத் தவணையை நிறுத்த முடியாது. அதைக் குழு எப்படிச் சமாளிக்கும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். வங்கி மேலாளரிடமும் பேசுங்கள்.

2. அவர் சேமிப்பு அவர் பணம். அவசரத்துக்குக் கேட்டால் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். கணவர் வந்து கேட்டால் கொடுக்கக் கூடாது.

3. ஒரு சிறு அவசர நிதி. ஆளுக்கு மாதம் 10 ரூபாய் போட்டாலும் 15 பேர் குழுவில் வருடத்துக்கு 1,800 ரூபாய் சேரும். ஒரு இரவு ஆட்டோவுக்கும் இரண்டு நாள் பாலுக்கும் அது போதும். வாடகை முன்பணத்துக்குக் கூட்டமைப்பில் கடன் கேட்கலாம்.

4. காகிதங்களின் நகல். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கம்பெனி அடையாள அட்டை, கல்யாணப் போட்டோ ஆகியவற்றின் ஜெராக்ஸ் ஒரு செட் நம்பகமான உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும்.

5. அவர் எங்கே இருக்கிறார் என்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது. உறவுக்காரர் அழுதுகொண்டு கேட்டாலும் "தெரியாது" என்பதுதான் பதில்.

6. பஞ்சாயத்து பேசி வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பாமல் இருப்பது. போவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. போய்விட்டுத் திரும்ப வந்தாலும் "சொன்னோமே கேட்டியா" என்று குத்திக்காட்டாமல் மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. வேறு ஊரில் வீடு எடுத்தால் அந்த ஊர்க் குழுவில் சேர்த்துவிடுவது. புது இடத்தில் முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை யாராவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இவற்றில் எதற்கும் அரசாணை தேவையில்லை. குழுவில் கையெழுத்துப் போட்டால் போதும்.

போன் எண்கள் (வெட்டி எடுத்துக் குழு நோட்டில் ஒட்டி வையுங்கள்)

பெண்கள் உதவி - 181
அவசரப் போலீஸ் - 112
குழந்தைகள் உதவி - 1098
இலவச சட்ட உதவி - 15100
முதியோர் உதவி - 14567
மனநல ஆலோசனை - 14416

இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் எண்களை மனப்பாடமாகச் சொல்லும் வரை சொல்லிக்கொடுங்கள். மேலே உள்ள 7 விஷயங்களில் உங்கள் குழு எதையெல்லாம் ஏற்றுக்கொண்டது என்பதை எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். மாவட்டத்தில் உள்ள தங்கும் இல்லங்களின் முகவரியும் அலுவலர்களின் தொடர்பு எண்ணும் கூட்டமைப்பு அலுவலகத்தில் கிடைக்கும். நேரில் வந்து கேட்பவர் யாருக்காகக் கேட்கிறார் என்று நாங்கள் விசாரிக்க மாட்டோம்.

- கள ஒருங்கிணைப்பாளர்